ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் யார் கதைக்கிறது?

சனி, ஞாயிறு காலையில் கண்டிப் பக்கம் எந்தத் தமிழ் எஃப்எம்மைத் திருப்பினாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒரு நிகழ்ச்சி போகும். ரெண்டு அறிவிப்பாளர்கள். அந்த வாரத்துச் செய்தியில ஒன்று, பெற்றோல் விலையோ மின்சாரக் கட்டணமோ. அதுக்குப் பிறகு நீரிழிவுக்காரர் என்ன சாப்பிடலாம்னு ஒரு டொக்டர். புதுப்படம், கோயில் திருவிழா, ஒரு எழுத்தாளரோடு பத்து நிமிஷம். நடுவுல பாட்டு, விளம்பரம், அப்புறம் தொலைபேசி இலக்கம். "லைன்ல யாரு, எங்கிருந்து பேசுறீங்க?"

நமக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. ஆனா அந்தக் கடைசிக் கேள்வி, நேயரைப் பார்த்து நீங்க யாரு, எங்கிருந்து பேசுறீங்கன்னு கேக்கிற அந்தக் கேள்வி, இந்த மலைக்கு வந்துசேர எவ்வளவு காலமெடுத்தது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அரட்டை நிகழ்ச்சியோட வரலாறுன்னு தேடப்போனா அறிவிப்பாளர்களின் பெயர்களும் சிக்னேச்சர் இசையும்தான் கிடைக்கும். நான் பார்க்க விரும்புறது மறுமுனையை. கேட்டுக்கொண்டிருந்த ஆள் எப்போ வாயைத் திறந்தார்?

கதை பேராதனையில, அதுவும் நம்ம பூங்காவுக்குள்ளதான் ஒரு திருப்பத்துக்கு வருது. இலங்கையில வானொலி அதுக்கு முன்னமே இருந்தது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1920களின் முதல் பாதியிலேயே கிராமபோன் இசையைக் காற்றில் விட்டுப் பார்த்தவர். கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கினது 1925 டிசம்பரில். ஆனா அது சின்ன நிலையம், கொழும்புக்காரர்களுக்கும் துரைமாருக்குமான ஒன்று. அதைப் பெரிசாக்கினது யுத்தம். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியில இருந்து இங்க கொண்டுவந்தார். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் மரங்களுக்கு நடுவுல கொட்டில்கள் எழும்பி, பர்மா முனையின் யுத்தத் திட்டங்கள் தீட்டப்பட்டன. வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மழையில நனைஞ்சு, மலேரியாவில் கிடக்கிற சிப்பாய்களுக்கு ஊர்ச் செய்தியும் பாட்டும் பேச்சும் போகணும்னு தலைமையகம் நினைச்சது. அப்படி கொழும்பில் உருவானதுதான் ரேடியோ சீக். அதுக்காக ஏக்கலையில 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. அந்தக் காலத்துக்கு ஆசியாவையே எட்டுகிற பலம் அது.

அதே வருஷங்களில் பூங்காவைச் சுற்றியிருந்த மலைகளில் யார் இருந்தாங்க? மலாயா 1942ல் ஜப்பானிடம் விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு மிஞ்சின முக்கியமான ரப்பர் விளைச்சல் இலங்கையிலதான். மரம் செத்தாலும் பரவாயில்லைன்னு பால் வெட்டச் சொன்ன காலம். வெட்டினது பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். சிப்பாய்க்கு அவன் பாஷையில பாட்டுப் போகணும்னு யோசிச்ச நிர்வாகத்துக்கு, பக்கத்து மலையில ரப்பர் வெட்டுற ஆளுக்கும் ஒரு காது இருக்குன்னு தோணல. இதைக் குற்றச்சாட்டாச் சொல்லல, யுத்தத்துல அப்படித்தான் இருக்கும். ஆனா பிறகு வந்த இலங்கை வானொலிக்கும் இதே பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

தலைமையகம் 1945 கடைசியில சிங்கப்பூருக்குப் போச்சு. ஒலிபரப்பி இங்கேயே நின்றது. 1949ல் அது இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது 'ரேடியோ சிலோன்' பிறந்தது. 1950ல் வர்த்தக சேவை. 1952ல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்க, இந்தியா முழுக்க கொழும்பு பக்கம் முள்ளைத் திருப்பினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எஸ்.பி. மயில்வாகனன் குரலைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லைங்கிற நிலை வந்தது. யுத்தத்துக்கு வாங்கின ஒலிபரப்பியாலதான் அது முடிஞ்சதுங்கிறதை மட்டும் நாம அடிக்கடி மறந்துவிடுறோம்.

இனி வருஷங்களைப் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பாருங்க. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில ஏழு பேர் பாராளுமன்றம் போனாங்க. அதில ஒருவர் தலவாக்கலையின் சி.வி. வேலுப்பிள்ளை, கவிஞர். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம். 1949ல் வாக்குரிமையும் போனது. அதே 1949ல்தான் ரேடியோ சிலோன். ஒரு பக்கம் நாட்டுக்குப் புதுசா ஒரு குரல் கிடைக்குது. மறுபக்கம் மலையில இருக்கிற லட்சக்கணக்கானவர்களுக்குக் குரல் கொடுக்கிற சட்டபூர்வமான வழி மூடப்படுது. வேலுப்பிள்ளை பிறகு தோட்டங்களில் பாடப்பட்ட பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். வேலையை எனக்குப் பார்க்கத் தோணுறது இப்படித்தான்: ஒலிவாங்கி போகாத இடத்துக்கு ஒரு ஆள் நோட்டுப் புத்தகத்தோட போயிருக்கிறார்.

ரேடியோ வருவதற்கு முன்ன தோட்டத்துல ஊடகமே இல்லைன்னு நினைக்கக் கூடாது. காலையில பெரட்டுக்கு ஆளைக் கூப்பிட்டது தப்புச் சத்தம். சாவுக்கும் தப்பு, காமன் கூத்துக்கும் தப்பு. அடியை வைச்சே என்ன சேதின்னு லயத்துக்குத் தெரிஞ்சிடும். 1930களிலும் 40களிலும் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் அரசியலைப் பாட்டாகவே பாடினார், பாடினதை அச்சிட்டும் கொடுத்தார். நடப்பு விவகாரமும் கலாசாரமும் ஒரே மேடையில். இன்றைய வார இறுதி நிகழ்ச்சிக்கு ஒரு மூதாதை தேடச் சொன்னா, நான் கொழும்புக் கலையகத்துக்கு முன்னம் அவரைத்தான் காட்டுவேன்.

ரேடியோ சிலோனில் பேச்சு என்பது உண்மையிலேயே பேச்சுதான். கற்றவர் ஒருவர் எழுதிக்கொண்டு வருவார், ஒலிவாங்கிக்கு முன்னால வாசிப்பார், முடிஞ்சதும் மணி சொல்லுவாங்க. அதில நல்லவையும் நிறைய இருந்தன. இலங்கை வானொலியிலும் பிறகு லண்டன் பிபிசியிலும் வேலை செய்த சோ. சிவபாதசுந்தரம், அந்தத் தமிழ்ச் சேவைக்குத் 'தமிழோசை'ன்னு பெயர் வைச்சவர். 1954ல் அவர் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' தமிழில் இந்தத் துறைக்கு வந்த முதல் நூல்களில் ஒன்று. காதுக்கு எழுதுறது கண்ணுக்கு எழுதுறதுலயிருந்து வேறன்னு தமிழ் ஒலிபரப்பாளர்கள் அப்பவே யோசிக்கத் தொடங்கிட்டாங்க. அதே காலத்துல பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மேடை நாடகத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே கொண்டுவந்திருந்தார். அவருடைய 'நானாடகம்' 1940ல் வந்தது, பிறகு 1952ல் 'இருநாடகம்'. பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிவந்ததும் அந்த 1952ல்தான். பேச்சுத்தமிழுக்கு மரியாதை உண்டா இல்லையாங்கிற வாதம் பேராதனையில் பாடத்துக்குள்ள நடந்துகொண்டிருக்க, கொழும்புக் கலையகத்துல அது நாடகமாவும் நகைச்சுவையாவும் உள்ள நுழைஞ்சது. சானா என்ற சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' அப்படி ஒன்று.

நேயர் எங்க இருந்தார்? தபாலட்டையில. "பாடலைக் கேட்டு மகிழ்பவர்கள்" என்று பெயர்ப் பட்டியல் வாசிப்பாங்க. தன் பெயரும் ஊரும் காற்றில் போகுதுன்னு கேக்கிறதுக்காக ஒரு குடும்பமே வானொலிப் பெட்டிக்கு முன்னால உக்காந்திருக்கும். இதை நான் கேலி பண்ண மாட்டேன். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாத ஒருவருக்குத் தன் பெயர் நாடு முழுக்க வாசிக்கப்படுவது சின்ன விஷயமா என்ன? ஆனா பெயரைச் சொன்னாங்களே தவிர, அவருக்கு என்ன சொல்ல இருக்குன்னு யாரும் கேக்கல.

இதுக்கு நடுவுல வார இறுதியே காணாமல்போன கதை ஒன்று இருக்கு, பலருக்குத் தெரியாது. 1966ல் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் சனி, ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் போயா நாட்களை வாராந்த விடுமுறையாக்கியது. சந்திரனோட வளர்ச்சி தேய்வைப் பார்த்து விடுமுறை வரும். ஒரு கிழமை செவ்வாயில, அடுத்த முறை புதனில. 1971ல்தான் சனி, ஞாயிறு திரும்பி வந்தது. அந்த அஞ்சு வருஷத்துல 'ஞாயிறு நிகழ்ச்சி'ங்கிற சொல்லுக்கே அர்த்தம் ஆட்டம் கண்டிருக்கும். வானொலி கூட்டுத்தாபனமா மாறினதும் இதே இடைவெளியில, 1967 ஜனவரியில. ஓய்வுநாள் எதுங்கிறதை அரசாங்கம் முடிவு பண்ணும், அந்த ஓய்வுநாளில் என்ன கேக்கணும்ங்கிறதை அரசாங்கத்தின் கூட்டுத்தாபனம் முடிவு பண்ணும். ஒரே ஒலிபரப்பாளர்தான் இருந்த நாட்டில் அது அப்படித்தான்.

ட்ரான்சிஸ்டர் லயத்துக்கு வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. மின்சாரம் இல்லாத அறைக்கும் பற்றரியில ரேடியோ வரலாம். 1970களின் இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்தவங்க இன்றைக்கும் அந்தப் பெயர்களைச் சொல்லும்போது முகம் மலருது: கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்'. கடைசியா சொன்னதுல கொஞ்சம் நிக்கணும். அதில நாலு கதாபாத்திரம். மரிக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், உபாலி சிங்களம் கலந்த தமிழ், ஐயர் பிராமணத் தமிழ். மக்கள் அதை அவ்வளவு விரும்பினாங்க, 1976ல் 'கோமாளிகள்'னு படமாவே வந்தது. நாலு உச்சரிப்பும் ஒரே மேசையில் உக்காந்து சண்டை பிடிச்சு, சிரிச்சு, சமாதானமாகிறது அழகான கற்பனை. இனத்துவேஷம் ஏறிக்கொண்டிருந்த நாட்டில் அது தைரியமும்கூட. ஆனா எண்ணிப் பாருங்க. அந்த மேசையில் மலையகத் தமிழுக்கு ஒரு நாற்காலி இல்லை. எழுதினவங்க வேணும்னு விட்டாங்கன்னு நான் நினைக்கல. கொழும்புக் கலையகத்துக்குத் தமிழ் என்று கேட்டா நினைவுக்கு வந்த குரல்கள் இவை. 1964ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குன்னு எழுதியாச்சு. எழுபதுகளில் கப்பலும் ரயிலும் அவர்களை ஏத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அனுப்பப் போகிற மக்களின் பேச்சை யார் நாடகமாக்குவா? நீலகிரியிலே போய் இறங்கினவங்களுக்கு அங்கேயும் இலங்கை வானொலி எட்டியது என்பது இந்தக் கதையின் கசப்பான ஒரு துண்டு.

இனி பேராதனையில இருந்து பதுளை வீதியைப் பிடிச்சு மேல போவோம். கம்பளை, பிறகு புசல்லாவைப் பக்கம். அந்த மலைகளுக்குக் கீழ கொத்மலை நீர்த்தேக்கம். துரித மகாவலித் திட்டத்தில், சுவீடன் உதவியோட, 1979ல் வேலை தொடங்கி 1985ல் அணை முடிந்தது. பள்ளத்தாக்கில் இருந்த வயல், வீடு, விகாரை எல்லாம் தண்ணிக்குள்ள. தண்ணி வத்துற வருஷங்களில் கடதொர விகாரையின் மிச்சம் இன்னும் மேல தெரியும். மக்களை எழுப்பி வேற இடத்துல வைக்கும்போது அவர்களோட பேச ஒரு வழி தேவைப்பட்டது. 1981ல் டென்மார்க் உதவியோடும் யுனெஸ்கோவோடும் மகாவலி சமூக வானொலித் திட்டம் தொடங்கியது.

அது செய்தது எளிமையான வேலை, ஆனா புதுசு. தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோட கிராமத்துக்குப் போவாங்க. சில நாள் அங்கேயே தங்குவாங்க. மக்களோட கதைச்சு, பாட்டுப் பதிவு பண்ணி, அங்கேயே நிகழ்ச்சியைக் கட்டுவாங்க. கலையகத்துக்கு ஆளை வரச்சொல்ற பழக்கத்தை இது தலைகீழா மாத்தியது. 1989ல் கொத்மலை சமூக வானொலி வந்தது. சின்ன ஒலிபரப்பி, சுற்றியுள்ள மலைகளுக்கு மட்டும். விவசாயம், சுகாதாரம், ஊர்ப்பாட்டு, ஊர்ப்பிரச்சினை. நாம இப்போ வார இறுதி நிகழ்ச்சின்னு சொல்றதோட எல்லாச் சரக்கும் அங்க இருந்தது, பேசினது மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்.

1998, 1999 அளவில் அங்க நடந்தது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. யுனெஸ்கோ ஆதரவில் கொத்மலைக்கு இணையம் வந்தது. அந்தக் காலத்துல கொழும்பிலேயே இணையம் வசதியானவங்க விஷயம். கொத்மலையில் என்ன செய்தாங்கன்னா, இணையத்தையே வானொலி நிகழ்ச்சியாக்கினாங்க. நேயர் ஒரு கேள்வியைத் தபாலில் அல்லது தொலைபேசியில் அனுப்புவார். அறிவிப்பாளர் ஒலிபரப்பிலேயே இணையத்தில் தேடுவார். மருத்துவக் கேள்வின்னா ஊர் டொக்டர் பக்கத்துல உக்காந்து, ஆங்கிலத்துல வந்ததை ஊர்ப் பாஷையில விளக்குவார். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நூலகங்களில் இணைய வசதி வைச்சாங்க, ஆக்கள் நேரா வந்தும் பார்க்கலாம். பிற்காலத்துல ஒரு த்ரீவீலருக்குள்ள மடிக்கணினியும் ஒலிபெருக்கியும் ஏத்தி மலைப்பாதையில் அனுப்பினாங்க. இன்றைக்கு யாரோ கேட்ட கேள்விக்கு அறிவிப்பாளர் கூகுள் பார்த்துப் பதில் சொல்றாரே, அந்த வேலையை கொத்மலை மலைக்காரர்கள் கூகுள் என்ற பெயர் இங்க பரவும் முன்னமே செய்தவங்க.

புகழ்றது இதோட போதும், மறுபக்கம் வருவோம். இந்த வானொலி பெரும்பாலும் சிங்களத்தில் பேசியது. அணைக்காக இடம்பெயர்ந்தவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். அவர்களுக்காக உண்டாக்கின நிலையம் அவர்கள் பாஷையில் பேசினது நியாயம். ஆனா அந்த ஒலிபரப்பியின் எல்லைக்குள்ள தேயிலைத் தோட்டங்கள் நிரம்ப இருந்தன. அலைக்கு லயம் எது கிராமம் எது என்று தெரியாது. தமிழ் அதில் எப்பவும் கடைசி வாங்கிலேதான் இருந்தது. இன்னொரு சங்கதி, பெயர் சமூக வானொலி என்றாலும் உரிமம் கூட்டுத்தாபனத்துடையது. ஊர் மக்களுக்குச் சொந்தமான உரிமம் அது இல்லை. கிணத்தைப் பற்றிப் பேசலாம், சளிக் காய்ச்சலைப் பற்றிப் பேசலாம். அமைச்சரைப் பற்றிப் பேசுறதுன்னா வேற கதை.

அந்த வேற கதைக்கு ஒரு வழக்கு இருக்கு. வார இறுதி அரட்டையைக் கேக்கிற எல்லாரும் தெரிஞ்சிருக்க வேண்டிய வழக்குன்னு நான் சொல்லுவேன். 1994ல் ஆட்சி மாறின பிறகு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று போனது. மனித உரிமை, இனப்பிரச்சினை, சுகாதாரம், கலைன்னு பலதும் பேசப்பட்டது, நேயர்களும் பங்கெடுத்தாங்க. 1995 பெப்ரவரியில் அது திடீரென்று நிறுத்தப்பட்டது. வழக்குப் போட்டது தயாரிப்பாளர் இல்லை, ஒரு நேயர். அந்த நிகழ்ச்சியில் தொடர்ந்து பங்கெடுத்து வந்தவர். 'பெர்னாண்டோ எதிர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிற அந்த வழக்கில், நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய 1996 தீர்ப்பு ஒரு நுணுக்கமான கோட்டைப் போட்டது. சும்மா கேட்டுக்கொண்டிருப்பது வேற, பங்குபற்றும் நேயராக இருப்பது வேற. பங்குபற்றும் நேயருக்கு அந்த நிகழ்ச்சிதான் பேசும் இடம். காரணமில்லாமல் அதை மூடினா அவருடைய பேச்சுச் சுதந்திரம், அதாவது அரசியலமைப்பின் 14வது உறுப்புரை தரும் உரிமை, மீறப்படுகிறது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எழுபது வருஷமா இந்த நாட்டில் நேயர் என்றால் தபாலட்டை. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அவரைப் பேச்சாளர்னு சொல்லுது. அடுத்த வருஷம், 1997ல், தனியார் ஒலிபரப்பைக் கட்டுப்படுத்த வந்த ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தையும் அதே நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. அலைவரிசை பொதுமக்களின் சொத்து, அதை ஒழுங்குபடுத்துற அமைப்பு அரசாங்கத்தின் கைப்பொம்மையா இருக்கக் கூடாதுங்கிறது அதன் சாரம். தீர்ப்பு தீர்ப்பாகவே இருக்கு. சுயாதீனமான அதிகாரசபை ஒன்றோ, ஊர்மக்களுக்கே சமூக வானொலி உரிமம் தரும் தனிச் சட்டமோ அதுக்குப் பிறகு வந்தபாடில்லை.

1998ல் சூரியன் எஃப்எம், சக்தி எஃப்எம். பேச்சு மாறியது. "வணக்கம் நேயர்களே" போய் "ஹலோ, எப்படி இருக்கீங்க?" வந்தது. அறிவிப்பாளர்கள் வேகமா, சிரிச்சுக்கொண்டு, ஆங்கிலம் கலந்து பேசினாங்க. தமிழைக் கெடுக்கிறாங்கன்னு பெரியவங்க சண்டைக்கு வந்தாங்க. அந்தச் சண்டையில நான் இளசுகள் பக்கம்தான், ஏன்னா அந்தத் தமிழில்தான் தோட்டத்துப் பிள்ளைகளும் கூச்சமில்லாம லைனுக்கு வர முடிஞ்சது. ஆனா வந்து என்ன பேசினாங்க? "என்ன சாப்பிட்டீங்க, யாருக்கு இந்தப் பாட்டு?" அவ்வளவுதான்.

ஏன் அவ்வளவுதான் என்பதுக்கு அறிவிப்பாளர்களைத் திட்டிப் பயனில்லை. அந்த வருஷங்களைப் பாருங்க. 2000 ஒக்டோபரில் பிபிசிக்குச் செய்தி சொன்ன மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டில் கொல்லப்பட்டார். 2005 ஓகஸ்ட்டில் ஒலிபரப்பாளர் ரேலங்கி செல்வராஜாவும் கணவரும் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டாங்க. 2006ல் சூரியன் எஃப்எம் செய்தி முகாமையாளர் நடராஜா குருபரன் கடத்தப்பட்டு அடுத்த நாள் விடுவிக்கப்பட்டார். 2007 ஒக்டோபரில் சூரியன் உட்பட அந்த நிறுவனத்தின் வானொலிகளின் உரிமத்தையே அரசாங்கம் இரத்துச் செய்தது, அடுத்த வருஷம்தான் திரும்பக் கிடைத்தது. இதெல்லாம் ஒரே தரப்பின் வேலை என்று யாரும் சொல்ல முடியாது. அப்படி ஒரு நாட்டில் ஞாயிறு காலை நிகழ்ச்சி சமையல் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் ஒதுங்கினா, அதைச் சோம்பல்னு மட்டும் எழுதிவிட முடியாது. பயம் ஒரு தயாரிப்பாளர் மாதிரி எல்லாக் கலையகத்திலும் உக்காந்திருந்தது. யுத்தம் முடிஞ்ச பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழும்ப நாளெடுத்தது.

அதுக்குள்ள ஆட்கள் காத்திருக்கல. 2018 ஒக்டோபர் 24ஆம் தேதி ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் கூடினபோது, அழைப்பு போனது முகநூலில். ரேடியோ அதைப் பிறகுதான் செய்தியாக்கியது. ஆயிரம் ரூபா 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது, அதுவும் வழக்குகளோட. 2023ல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது, வழி முழுக்க ஆட்கள் போனைப் பிடிச்சுத் தாங்களே நேரலை செய்துகொண்டு வந்தாங்க. நடப்பு விவகாரம், வாழ்வியல், கலாசாரம், எல்லாம் ஒரே நடையில.

அப்ப இனி ரேடியோ எதுக்குன்னு கேப்பீங்க. மலையில போன் சிக்னல் எங்க கிடைக்கும், எங்க கிடைக்காதுன்னு தெரிஞ்ச யாரும் அந்தக் கேள்வியை அவசரப்பட்டுக் கேக்க மாட்டாங்க. டேட்டாவுக்குக் காசு வேணும், ரேடியோவுக்கு வேண்டாம். இன்னொன்று, முகநூல் நேரலையில நம்ம ஆட்களோட நம்ம ஆட்கள்தான் பேசுறாங்க. வானொலியில ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியை சமையல் குறிப்புக்காகக் காத்திருக்கும்போது தெரியாத்தனமா ஒரு தோட்டத்துப் பெண் கொழுந்து நிறுவையில் வெட்டுற கிலோவைப் பற்றிப் பேசுறதைக் கேட்டுவிடுவார். அந்தத் தெரியாத்தனத்துக்கு இன்னும் வேற இடமில்லை.

இப்போதைய ஞாயிறு நிகழ்ச்சிகளில் நான் கவனிச்சுக் கேக்கிறது ஒரு சின்ன இடத்தை. லைனுக்கு வந்தவர் "கலஹாவில இருந்து பேசுறேன்"ம்பார், "தெல்தோட்டை"ம்பார். சில அறிவிப்பாளர்கள் அதோட பாட்டுக்குப் போயிடுவாங்க. சிலர், "கலஹாவில எந்தத் தோட்டம்?"னு கேப்பாங்க. அப்போ மறுமுனையில ஒரு விநாடி தயக்கம் வரும். பிறகு டிவிஷன் பெயர் வரும், கம்பனி எழுதி வைச்ச ஆங்கிலப் பெயராவும் இருக்கும், லயத்துல மட்டும் புழங்குற தமிழ்ப் பெயராவும் இருக்கும். அந்தப் பெயரைச் சொன்னவங்க பெரும்பாலும் பாட்டைக் கேக்காம வேற ஏதோ சொல்லத் தொடங்குவாங்க: ரோட்டு, பிள்ளையோட பள்ளிக்கூடம், வீட்டுக் காணிக்கு உறுதி இல்லாதது. தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரவில 1867ல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் தேயிலை போட்டதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அந்த மலையில இருந்து ஒருத்தர் லைனுக்கு வந்தா, விளம்பரத்துக்கு எத்தனை விநாடி இருக்குன்னு அறிவிப்பாளர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பார்.